முதல் முறையாகத் தேர்தல் பொதுக்கூட்டத்துக்குப் போகிறீர்களா?

என் அக்கா மகளுக்கு இதுதான் முதல் தேர்தல். கல்லூரி விட்டு வரும் வழியில் திருச்சி உழவர் சந்தை மைதானத்துப் பக்கம் ஒரு சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமா, இந்தக் கூட்டத்துக்கெல்லாம் யார் வேணாலும் போலாமா? கட்சி கார்டு ஏதும் கேப்பாங்களா?"

கேட்டதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது, ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருகிற விஷயம் பொதுக்கூட்டம். இவள் வயதுப் பிள்ளைகள் அரசியல் பேச்சைக் கைபேசியில் அரை நிமிடத் துண்டுகளாகத்தான் கேட்கிறார்கள். மைதானத்துக்குள் கால் வைக்கத் தயங்குகிறார்கள். அன்று அவளுக்குச் சொன்னதையும், பிறகு அவளைக் கூட்டிப்போனபோது அங்கேயே காட்டிச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எந்தக் கட்சியின் கூட்டத்துக்குப் போனாலும் இது உதவும்.

அவள் கேட்டதற்கு முதலில் பதில். யார் வேண்டுமானாலும் போகலாம். பொதுவாகக் கார்டு, அழைப்பிதழ், டிக்கெட் எதுவும் கிடையாது. அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவராக இருக்கத் தேவையில்லை, அந்தத் தொகுதிக்காரராகக்கூட இருக்கத் தேவையில்லை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுகிற உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு நமக்குக் கொடுத்திருக்கிறது. சுவரொட்டியில் 'செயல்வீரர்கள் கூட்டம்' என்றோ 'நிர்வாகிகள் ஆலோசனைக் கூட்டம்' என்றோ போட்டிருந்தால் மட்டும் அது கட்சிக்காரர்களுக்கானது, பெரும்பாலும் மண்டபத்துக்குள் நடக்கும். அரசு வேலையில் இருப்பவர்கள் கட்சி நடவடிக்கைகளில் கலந்துகொள்ள நடத்தை விதிகளில் தடை இருப்பதால் அவர்கள் தள்ளி இருப்பதே நல்லது.

ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் 'அந்தக் கட்சிக்காரர்' என்று பெயர் விழுந்துவிடுமோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் கூடுதல். அக்காவும் அதைத்தான் கேட்டாள். நான் கண்ட வழி ஒன்றுதான்: அதே வாரத்தில் எதிர்த்தரப்பின் கூட்டம் ஒன்றுக்கும் போய்விடுவது. இரண்டு தரப்பையும் கேட்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால் தெருவில் யாரும் முத்திரை குத்துவதில்லை. அப்புறம், இரண்டாவது கூட்டத்தைக் கேட்கும்போதுதான் முதல் கூட்டத்தில் என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பதும் புரியும்.

எந்தக் கூட்டத்துக்குப் போவது?

'பிரசாரக் கூட்டம்' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. தெருமுனைக் கூட்டம் என்றால் நாலு ரோடு சந்திப்பில் சின்ன மேடையோ, ஒரு குட்டியானை வண்டியோ, இரண்டு ஒலிபெருக்கி, ஐம்பது நாற்காலி, அவ்வளவுதான். வேன் பிரசாரத்தில் தலைவரோ வேட்பாளரோ திறந்த வேனில் நின்றபடி ஓர் ஊரில் பத்து நிமிடம், அடுத்த ஊரில் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். ரோடு ஷோவில் பேச்சே இருக்காது, கையசைப்பும் பூவும்தான். பெரிய பொதுக்கூட்டம் மைதானத்தில் நடக்கும். திருச்சியில் பொன்மலை ஜி கார்னர், சென்னையில் தீவுத்திடல், கோவையில் கொடிசியா மைதானம் எல்லாம் அப்படிப்பட்ட கூட்டங்களைப் பார்த்த இடங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது தெருமுனைக் கூட்டம். தலைவர் வரமாட்டார், செய்தியில் வராது. ஆனால் பேசுகிறவரின் நெற்றி வியர்வை தெரிகிற தூரத்தில் நிற்கலாம். நம் தெருவின் குடிநீர்க் குழாயையும், பாதியில் நிற்கிற பாலத்தையும் பற்றிப் பேச்சு வருவது பெரும்பாலும் அங்கேதான். பிடிக்கவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பெரிய மைதானத்தை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் மேடைப் பேச்சு என்பதே இந்த மாதிரித் திறந்தவெளியில் வளர்ந்த கலை. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் சாதாரண மக்களுக்குப் புரியும் தமிழில் பேசப் பேச, கோரல் மில் தொழிலாளர்கள் திரண்டு வேலைநிறுத்தத்தில் வென்றார்கள். பேசிய பேச்சுக்காகவே இருவரும் சிறைக்குப் போனார்கள். சென்னையின் பழைய பெரிய கூட்டங்கள் மெரினா மணலில், திலகர் கட்டத்தில் நடந்தன. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கப்பட்டபோது கொட்டுகிற மழையில் மக்கள் நின்று கேட்டார்கள். மெரினாவில் பல பெரிய கூட்டங்களைக் கண்ட சீரணி அரங்கம் 2003-ல் இடிக்கப்பட்டது. அந்தப் பழைய நாட்களில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நடக்கும். நேரமாகிவிட்ட ஒரு கூட்டத்தில் அண்ணா சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று எதுகையை அடுக்கிச் சுருக்கமாக ஓட்டுக் கேட்டுவிட்டு இறங்கினார் என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

சுவரொட்டியைப் படிப்பது

கூட்டம் சுவரொட்டியிலேயே தொடங்கிவிடுகிறது. அவளை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி வைத்துத்தான் இதைச் சொன்னேன், ஏனென்றால் பார்க்காமல் புரியாது.

தமிழ்நாட்டில் எந்தக் கட்சியாக இருந்தாலும் கூட்டச் சுவரொட்டிக்கு ஒரே இலக்கணம்தான். மேலே தலைவர்களின் படங்கள். நடுவில் பெரிய எழுத்தில் இடம், நாள், நேரம். அதற்குக் கீழே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள். கேட்கப் போகிறவருக்கு முக்கியம் 'சிறப்புரை'. அங்கே இருப்பவர்தான் அன்றைய பேச்சாளர். 'தலைமை' என்று போட்டிருப்பவர் கூட்டத்தை நடத்துகிற உள்ளூர்க்காரர், நகரமென்றால் பகுதிச் செயலாளரோ வட்டச் செயலாளரோ, கிராமமென்றால் ஒன்றியச் செயலாளரோ கிளைச் செயலாளரோ. 'முன்னிலை'யில் பத்துப் பதினைந்து பெயர்கள் இருக்கும். அவர்களில் பலர் பேசமாட்டார்கள். ஆனால் கட்சிக்காரர்கள் முதலில் படிப்பது அந்தப் பட்டியலைத்தான். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, போன தேர்தலில் இருந்த யாரைக் காணவில்லை என்று பார்ப்பார்கள். ஊரில் யாருக்குச் செல்வாக்கு ஏறுகிறது, யாருக்கு இறங்குகிறது என்பது அந்த வரிசையில் தெரிந்துவிடும்.

சுவரொட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். தேர்தல் காலத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் இல்லாமல் சுவரொட்டியோ துண்டறிக்கையோ அடிப்பது குற்றம், 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பெயரே இல்லாமல் யாரையாவது திட்டி ஒரு நோட்டீஸ் கையில் வந்தால் அதை நம்ப அவசரப்படாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. மாலை 5 மணி என்று போட்டிருந்தால் 5 மணிக்கு மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆறு, ஆறரைக்கு உள்ளூர்ப் பேச்சாளர்கள் தொடங்குவார்கள். பெரிய தலைவர் எட்டுக்கு வரலாம், ஒன்பதுக்கும் வரலாம். ஒரே நாளில் நாலைந்து ஊர் போகிறவர்கள், முதல் ஊரில் தாமதமானால் கடைசி ஊர் வரைக்கும் அது இழுத்துக்கொண்டு போகும்.

கிளம்பும் முன்

தேர்தல் நம் ஊரில் பெரும்பாலும் ஏப்ரல், மே வெயிலில்தான் வருகிறது. 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் நடந்த ஒரு பிரசாரக் கூட்டத்தில் வெயிலில் காத்திருந்தவர்களில் 2 பேர் இறந்துபோனார்கள். அதனால் பகல் கூட்டம் என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பருத்தித் துணி, தலைக்குத் துண்டோ தொப்பியோ, தண்ணீர், ஒரு பொட்டலம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி. பிரதமர், முதல்வர் வருகிற கூட்டங்களில் வாசலில் சோதனை கடுமையாக இருக்கும், பையும் பாட்டிலும் வெளியிலேயே நின்றுபோகலாம். அப்படியானால் உள்ளே போவதற்கு முன்னால் வயிறு நிறையக் குடித்துவிடுங்கள்.

இந்த இடத்தில் அக்கா மகள் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்டாள்: "மாமா, பாத்ரூம் இருக்குமா?" பெண்கள் கூட்டத்துக்கு வராமல் போவதற்கு இது பெரிய காரணம், யாரும் வெளியே சொல்வதில்லை. தண்ணீர் குடிக்காமலேயே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சில பெரிய கூட்டங்களில் நடமாடும் கழிப்பறை வைக்கிறார்கள், பல கூட்டங்களில் இல்லை. பக்கத்தில் பேருந்து நிலையமோ, பெட்ரோல் பங்கோ, தெரிந்தவர் வீடோ எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூட்டம் நடத்துகிறவர்கள் கட்-அவுட்டுக்கு யோசிக்கிற அளவு இதற்கும் யோசித்தால் மைதானத்தில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள்.

தங்கச் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிடுங்கள். பணம் முன்பையில். ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடத்தில் போன் சிக்னல் போய்விடும். ஆகவே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். 'அந்த டீக்கடை வாசல்' என்று மேடைக்கு எதிர்த்திசையில் ஓர் இடமாக இருக்கட்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிற்பது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. பகலிலிருந்தே காத்திருந்த கூட்டம், தலைவரின் வாகனம் வந்து சேர்ந்தபோது இரவு ஏழு மணி. கரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ராத்திரி எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. கூட்டத்துக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு அதற்குப் பிறகும் மனம் வரவில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போகாதே என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நின்றவாக்கிலேயே நாலு பக்கமும் உடம்பு அழுத்தி, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறித்தான் உயிர் போகிறது. பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது, எட்டிப் பார்க்க ஓர் அடி முன்னால் வைப்பார்கள். அந்த ஓர் அடிகள் எல்லாம் சேர்ந்து முன்வரிசையில் பாரமாக இறங்குகின்றன. ஒரு சதுர மீட்டர் இடத்தில் நாலு பேர் வரை நின்றால் ஓரளவு நகரலாம். ஆறு பேரைத் தாண்டினால் தனி மனிதர் என்பது போய்விடும், கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும்.

அளவெடுக்க யாராலும் முடியாது. அதனால் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். தோளோடு தோள் உரசத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்க முடியவில்லை என்றால் உடனே வெளியே வர வேண்டும். நீங்கள் நடக்காமலேயே கூட்டம் உங்களை நகர்த்துகிறது என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. அப்போது இரண்டு கைகளையும் மடித்து மார்புக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். தள்ளல் ஓய்கிற ஒரு நொடி வரும், அந்த நொடியில் குறுக்காக, பக்கவாட்டில் ஓரத்தை நோக்கி நகருங்கள். செருப்பு விழுந்தாலும் போன் விழுந்தாலும் குனியாதீர்கள். சுவரோ, கம்பித் தடுப்போ, கடையின் ஷட்டரோ முதுகில் இருந்தால் அங்கே நிற்காதீர்கள், ஒதுங்க இடமிருக்காது. மரம், டிரான்ஸ்பார்மர், தகரக்கூரை மேலெல்லாம் ஏறவே கூடாது.

வேன் பிரசாரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. மைதானத்தில் மேடை ஓரிடத்தில் நிற்கும், சவுக்குக் கட்டை கட்டிப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். வேன் நகர நகரக் கூட்டமும் அதோடு ஓடும். குறுகலான ரோட்டில், இரண்டு பக்கமும் கடைகள் இருக்கிற இடத்தில், வேனுக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள். மேடைக்கு வலது ஓரமோ இடது ஓரமோ, பாதித் தூரத்துக்கும் பின்னால், வெளியே போகும் வழி கண்ணில் படுகிற இடம், அதுதான் நல்ல இடம். முகம் சரியாகத் தெரியாது, எல்இடி திரையில் பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தையை அழைத்துப் போகாதீர்கள். கொடி பிடிக்க, கோஷம் போடப் பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையமே 2024-ல் கட்சிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது.

பேச்சைக் கேட்பது

முதல் தடவை போகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டுகிற இடம் விளிப்புதான். பேச வருகிறவர் 'அவர்களே, அவர்களே' என்று மேடையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பார். பத்து நிமிடம் ஓடிவிடும். நடுவில் யாராவது ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார்கள், அவர் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் படித்து விட்டுப்போன ஒரு பெயரைச் சேர்ப்பார். அவள் கொட்டாவி விட்டாள். சீட்டில் இருந்த அந்தப் பெயர் யாருடையது என்று பார்க்கச் சொன்னேன். மேடையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், பெயர் வந்ததும் எழுந்து கும்பிட்டார். நாற்பது வருஷம் கொடி கட்டியவராக இருக்கலாம். கட்சி அவருக்குத் திருப்பிக் கொடுப்பது சில சமயம் அந்த ஒரு 'அவர்களே' மட்டும்தான்.

விளிப்பு முடிந்து கூட்டத்தை நோக்கித் திரும்புகிற முதல் வரியைக் கவனியுங்கள். அண்ணா 'தம்பி' என்றார். கலைஞர் 'என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே' என்று தொடங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து கத்தும். எம்.ஜி.ஆருக்கு 'ரத்தத்தின் ரத்தமான' என்று ஆரம்பம். ஜெயலலிதா 'செய்வீர்களா?' என்று கேட்டுப் பதில் வருகிற வரைக்கும் காத்திருப்பார். கேட்பவரை உறவாக்கிக்கொண்டு பேசுவது தமிழ் மேடையின் பழக்கம். அந்த நேரத்தில் நம் மயிர்க்கால்கள் சிலிர்க்கும். சிலிர்ப்பதில் தப்பில்லை, அதை அனுபவிக்கத்தான் நேரில் போகிறோம். ஆனால் அடுத்துச் சொல்வதைக் காது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வாக்குறுதி வரும்போது ஒரு எண் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். 1967 தேர்தலில் அண்ணாவின் அரிசி வாக்குறுதி இன்றும் நினைவில் நிற்கிறது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். எது ஆசை, எது உறுதி என்று ஒரே வரியில் பிரித்துச் சொல்லிவிட்டார். ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள், மூன்று படி வரவில்லை. வாக்களித்தவர்களால் அதை அளந்து பார்க்க முடிந்தது. 'உங்கள் வாழ்வு மலரும்' என்பதை எந்தப் படியில் அளப்பது? எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று மூன்றும் இருக்கிற வாக்குறுதியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லி அவள் கையில் பேனா கொடுத்தேன்.

சாதியையோ மதத்தையோ சொல்லி ஓட்டுக் கேட்பது சட்டப்படி முறைகேடு. கோயில், மசூதி, தேவாலயத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது. அப்படி ஏதாவது காதில் விழுந்தாலோ பணமோ பரிசோ கொடுப்பதைப் பார்த்தாலோ தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுப்பது என்று அதற்குக் கணக்கு. பேச்சு பிடிக்காவிட்டால் அங்கே நின்று கூச்சல் போடாதீர்கள். தேர்தல் கூட்டத்தில் கலாட்டா செய்வதும் குற்றம்தான். எழுந்து வந்துவிடுங்கள், அது போதும்.

நாற்காலியை எண்ணுகிறவர்

எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் ஆள் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வெறும் நாற்காலிகளைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். டிவிக்காரர் என்று அக்கா மகள் நினைத்தாள். அவர் தேர்தல் ஆணையத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுக்காரர். நாற்காலி எத்தனை, கொடி எத்தனை, டியூப் லைட், ஒலிபெருக்கி, வண்டிகள் எத்தனை, எல்லாம் படத்தில் பதிவாகும். ஒரு நாற்காலிக்கு இவ்வளவு, ஒரு மேடைக்கு இவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். அதை வைத்து வேட்பாளரின் செலவுக் கணக்கைச் சரிபார்ப்பார்கள். 2022-ல் உயர்த்திய வரம்புப்படி சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரைதான் செலவழிக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கீகாரம் பெற்ற கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பட்டியல் கொடுக்கலாம், அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. ஆனால் வேட்பாளரும் அதே மேடையில் ஏறிவிட்டால் கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் தலையில் விழும். கட்சித் தலைவர் கூட்டத்தில் நம் தொகுதி வேட்பாளர் மேடையில் எங்கே இருக்கிறார், அவர் பெயரைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

காசு கொடுத்து ஆள் கூட்டி வருகிறார்களே என்றும் அவள் கேட்டாள். கூட்டி வருகிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வேனில் வந்தவர்தான். செருப்பைக் கழற்றி ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தார், கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று. அன்றைக்குக் களை எடுக்கப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பேரனுக்கு என்று பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் ரேஷனைப் பற்றிப் பேச்சு வந்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அது முடிகிற வரைக்கும் கண் கொட்டவில்லை. வேனில் வந்தவர் என்பதற்காக அவருக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. யார் வேனில் வந்தாலும் ஓட்டுச்சாவடிக்குள் தனியாகத்தான் போகிறார்கள்.

பத்து மணி

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. தாமதமாக வந்த தலைவர் பத்து மணி அடித்ததும் மைக்கை வைத்துவிட்டு வெறுமனே கும்பிட்டுக்கொண்டோ, சின்னத்தைக் கையால் காட்டிக்கொண்டோ போவார். நாலு மணி நேரம் காத்திருந்து அதை மட்டும் பார்த்துவிட்டு வந்த கூட்டங்களும் உண்டு. வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு 48 மணி நேரம் முன்னால் பிரசாரமே ஓய்ந்துவிடும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, 17-ஆம் தேதி மாலை 6 மணிக்கு மைக் செட்டுகள் நின்றன. வெளியூரிலிருந்து பிரசாரத்துக்கு வந்த கட்சிக்காரர்கள் அதற்குமேல் தொகுதிக்குள் தங்கக் கூடாது.

பேச்சு முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். எல்லோரும் ஒரே வாசலுக்குப் போகிற அந்தப் பத்து நிமிடம்தான் மறுபடியும் நெரிசல் வரும். நன்றியுரை கேட்க யாரும் இருக்கமாட்டார்கள், நீங்கள் இருந்து கேளுங்கள். மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டுவதையும், பையன்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதையும் பார்த்துக்கொண்டிருங்கள். வாசல் காலியாகிவிடும்.

அப்புறம் பேசி வைத்த அந்த டீக்கடைக்கு வாருங்கள். கூட்டத்தின் அசலான தீர்ப்பு அங்கேதான் கிடைக்கும். நாங்கள் போனபோது பெஞ்சில் கரை வேட்டிக்காரர் ஒருவரும், கட்சி எதுவும் இல்லாத ஓர் ஆட்டோக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணன் நல்லாத்தான் பேசுனாரு. ஆனா பாலத்தைப் பத்தி வாயே திறக்கலியே?" என்றார் ஆட்டோக்காரர். கரை வேட்டிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அடுத்த தெருமுனைக் கூட்டத்துல பேசச் சொல்றேம்ப்பா" என்றார்.

அக்கா மகள் தன் தாளை எடுத்துப் பார்த்தாள். இரண்டு மணி நேரத்தில் எண்ணோடு வந்த வாக்குறுதி மூன்று. அவற்றுக்குக் கீழே 'பாலம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, அடுத்த தெருமுனைக் கூட்டம் என்றைக்கு என்று அந்தக் கரை வேட்டிக்காரரிடமே கேட்டாள்.